சூடு கண்ட சென்சார்

மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் முதலில் செய்ய வேண்டியது, டேஷ்போர்டை ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டுவது. முள் இறங்காவிட்டால் கொஞ்சம் பலமாகத் தட்டலாம். ரேடியோ கரகரத்தபோது தட்டினோம், டிவியில் கோடு ஓடியபோது தட்டினோம், எல்லாம் சரியாகத்தானே போயிற்று? என் காருக்கு வயது பதினான்கு. அதற்கும் அதே வைத்தியம்தான். புது வண்டிக்காரர்களில் பலருக்கு இந்தப் பாக்கியம் இல்லை, முள்ளையே எடுத்துவிட்டார்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு, கொதித்தால் ஒரு சிவப்பு விளக்கு. நடுவில் நடப்பது குடும்ப விஷயம், ஓனருக்கு எதற்கு?

இரண்டாவது வேலை, வண்டியில் இருப்பவர்களுக்குத் தைரியம் சொல்வது. "ஒண்ணுமில்ல, இது எப்பவும் இப்படித்தான் காட்டும்." சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள். நான் இதைச் சொன்னது பதினோராவதில். பின் சீட்டில் மாமனார். ஒரு காலத்தில் அம்பாசடர் வைத்திருந்தவர். 2014இல் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றுபோனது, ஆனால் அதை வைத்திருந்தவர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்த வண்டியில் ஏறினாலும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வகுப்புக்குள் வந்த மாதிரி ஏறுவார்கள்.

"மாப்ள, ஓரங்கட்டுங்க. மூடியத் தெறந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா அடங்கிரும்."

இந்த ஒரு இடத்தில் மட்டும் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். ரேடியேட்டர் மூடி என்பது ஊறுகாய் ஜாடி மூடியல்ல. உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிற வால்வு அது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதித்துவிடும் தண்ணீர், அந்த அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், தாக்குப்பிடித்த தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் கொதித்து உங்கள் முகத்துக்கு வரும். அரை மணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும், அழுத்தினால் தொளதொளவென்று இருக்க வேண்டும். அதுவரை யார் சொன்னாலும் கை வைக்காதீர்கள், மாமனாரே சொன்னாலும்.

நாங்கள் காத்திருந்தோம். ஐந்தாவது நிமிடமே முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. வண்டி குணமாகிவிட்டது என்று ஏற்காடு போய்ச் சேர்ந்து, ஆளுக்கொரு பிளேட் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். அந்த "பொத்"தை நான் கவனித்திருக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு.

மூன்றாவது வேலை, மெக்கானிக்கைப் பார்ப்பது. அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "சென்சார் போயிருக்கும் சார்." முன்பெல்லாம் வண்டிக்கு வரும் அத்தனை கேட்டுக்கும் கண் திருஷ்டி காரணமாக இருந்தது. அந்த இடம் காலியானதும் சென்சார் வந்து உட்கார்ந்துகொண்டது. மைலேஜ் குறைந்தால் சென்சார், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் சென்சார், வீட்டுக்கு வந்து ஆஃப் செய்த பிறகும் ஃபேன் சுற்றினால் சென்சார். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் போதும். சென்சாருக்கு என்னிடம் முதல் தடவை 250 ரூபாய் வாங்கினார்கள். பத்து நாள் கழித்து முள் மறுபடி தாவியதும், "அது டூப்ளிகேட் சார், ஒரிஜினலே போட்ருவோம்" என்று 900 வாங்கினார்கள். டூப்ளிகேட்டைப் போட்டதும் அதே கைதான் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. ஆனால் வண்டி அவர் பள்ளத்தின் மேல் நின்றிருந்தது, பேட்டரி ஒயர் கழற்றியிருந்தது. பேரம் பேச அது சரியான நேரமல்ல.

இங்கே ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கழற்றிய பழைய உதிரிப் பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "எதுக்கு சார் அந்தக் குப்பை?" என்பார்கள். கொலு வைக்க என்று சொல்லுங்கள்.

அப்படி வாங்கி வந்த குப்பை இப்போது என் உள்ளங்கையில் இருக்கிறது. கட்டைவிரல் அளவு. பித்தளை உடம்பு, அறுகோணக் கழுத்து, கருப்பு பிளாஸ்டிக் தலை, தலைக்குள் இரண்டு பின். பித்தளை முனையில் பழுப்பாய்க் கொஞ்சம் கறை. அந்த முனைக்குள் மிளகு அளவுக்கு ஒரு மணி ஒளிந்திருக்கிறது, தெர்மிஸ்டர் என்று பெயர். உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும். இந்த மணி அதற்கு நேர் எதிர்: சூடேறச் சூடேறத் தடை குறையும். இப்படி ஒரு குணம் சில பொருள்களுக்கு உண்டு என்பதை 1833இல் மைக்கேல் ஃபாரடே, சில்வர் சல்ஃபைடைச் சூடாக்கிப் பார்த்தபோது கண்டார். அவருக்கு ஏற்காடு ஏறும் அவசரம் எதுவும் இருந்திருக்காது.

வண்டியின் கணினிப் பெட்டி, மெக்கானிக் பாஷையில் ஈ.சி.எம்., இந்த மணிக்கு 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்புகிறது. அங்கே எத்தனை வோல்ட் மிஞ்சி நிற்கிறது என்று பார்த்து எஞ்சினின் சூட்டைக் கணக்குப் போடுகிறது. அதற்குக் கண்ணும் கிடையாது, தொட்டுப் பார்க்க விரலும் கிடையாது. ஒயர் எங்கேயாவது அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். அவ்வளவு தடை என்றால் அவ்வளவு குளிர் என்று அது முடிவு கட்டும். ஸ்கேனரில் -40 டிகிரி என்று விழும். சேலத்தில் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும்போது வண்டி மட்டும் சைபீரியாவில் நிற்பதாக நினைத்து நடுங்கும். (செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒத்துப்போகிற ஒரே புள்ளி இந்த -40தான். எந்த ஊர் ஸ்கேனராக இருந்தாலும் பொய் ஒரே எண்ணில் வரும்.) மாறாக இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தடை பூஜ்யத்துக்கு வரும், எஞ்சின் உலைக்களமாகக் கொதிப்பதாகத் தெரியும். முதலாவது பழுதுக்கு பி0118 என்றும், இரண்டாவதற்கு பி0117 என்றும் ஸ்கேனரில் கோடு விழும். குளிர் என்று நம்பினால் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், பிளக் கருக்கும், சைலன்ஸரில் கரும்புகை வரும். பல வண்டிகளில் சென்சார் சரியில்லை என்று தெரிந்ததுமே கணினி ஒரு கற்பனை வெப்பநிலையை வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை விடாமல் ஓட்டும்.

என் வண்டிக்கு ஸ்கேனர் போட்டார்கள். பி0117, பி0118 இரண்டுமே இருந்தன. ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் 110 டிகிரி காய்ச்சலும் உறைபனியும். பார்த்த மெக்கானிக் துளியும் அசரவில்லை. "ரெண்டு கோடு வந்தா சென்சார் ரொம்ப மோசமாயிருக்குன்னு அர்த்தம் சார்."

நான்காவது வேலை, டைரக்ட் பண்ணுவது. நம் ஊர்ப் பட்டறை மருத்துவத்தின் உச்சம் இதுதான். "ஃபேனை டைரக்ட் போட்ருவோம் சார், சாவி போட்டதும் சுத்தும், சாவி எடுத்தா நிக்கும், ஒரு டென்ஷனும் இல்ல." அதுவும் ஒத்துவராவிட்டால், "தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி எறிஞ்சிரலாம், நம்ம ஊருக்கு எதுக்கு அது?" எதற்கு என்றால், தண்ணீர் 80-லிருந்து 90 டிகிரிக்குள் வரும்வரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுத்து, எஞ்சினைச் சீக்கிரம் சூடேற்றுவதற்கு. கழற்றி எறிந்தால் எஞ்சின் காலாகாலத்தில் சூடாகாது, கணினி இன்னும் காலை நேரம்தான் என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல், தெர்மாமீட்டரை உடைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்கிற கதைதான். ஆனாலும் டைரக்ட் என்ற சொல்லில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. இடைத்தரகர் இல்லாமல் காரியம் முடிகிற சுகம். நானே ஒரு கணம் சபலப்பட்டேன்.

மைலேஜ் 16-லிருந்து 11-க்கு வந்த மாதத்தில்தான் ஐந்தாவது வேலைக்கு இறங்கினேன். சென்சாரிடமே கேட்டுவிடுவது.

இதற்கு முன்னூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று, ஒரு பாத்திரம், தண்ணீர், அடுப்பு, வீட்டில் ஆள் இல்லாத நேரம் ஆகியவை தேவை. கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம். சூட்டை அளக்க ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, மனிதக் காய்ச்சலுக்கு 42 டிகிரிக்கு மேல் வேலையில்லை என்று அதைச் செய்தவர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வெந்நீரில் இறங்கியதும் 'எச்' என்று ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்தது. இன்றுவரை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எச்சுதான். சமையலுக்கென்று விற்கும் நீளமான ஊசித் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் வரிசையில் வையுங்கள். இரண்டு முனைகளையும் சென்சாரின் இரண்டு பின்களிலும் பிடியுங்கள். பித்தளை முனை மட்டும் தண்ணீரில் முங்க வேண்டும், பிளாஸ்டிக் தலை நனையக் கூடாது, பாத்திரத்தின் அடியையும் தொடக் கூடாது. அடியைத் தொட்டால் தண்ணீரின் சூடு தெரியாது, அடுப்பின் சூடுதான் தெரியும். நான் ஒரு தோசைக்கரண்டியைப் பாத்திரத்தின் மேல் குறுக்கே வைத்து, அதில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். அடுப்பை மட்டாக எரியவிட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பல வண்டிகளில் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: ஐஸ் தண்ணீரில் 6 கிலோ ஓம், 20 டிகிரியில் 2.5, 40-இல் 1.2, 60-இல் 600 ஓம், 80-இல் 320, கொதிநிலையில் 190. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் அதையே நம்புங்கள். எண்ணைவிட முக்கியம், இறங்கும் விதம். படியில் இறங்கும் தாத்தா மாதிரி ஒவ்வொன்றாக, நிதானமாக இறங்க வேண்டும். நடுவில் ஒரு தாவல், ஒரு காணாமல் போதல் இருந்தால் அதுதான் செத்த சென்சார். இன்னொன்று, ஏற்காட்டுக்காரர்கள் இந்தச் சோதனையைச் செய்தால் தண்ணீர் கொதிப்பதை வைத்து 100 என்று முடிவு கட்ட வேண்டாம். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மூன்று சென்சாரையும் வரிசையாக முக்கினேன். கம்பெனியிலிருந்து வந்த பதினான்கு வயதுக் கிழம், 250 ரூபாய் டூப்ளிகேட், 900 ரூபாய் ஒரிஜினல். மூன்றும் அறைச் சூட்டில் 1.7 கிலோ ஓம், கொதித்தபோது 190-ஐ ஒட்டி. மூன்றும் ஒரே சொல்லைச் சொல்லின. அந்த டூப்ளிகேட் உட்பட, அதற்கு நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் மனைவி உள்ளே வந்தாள்.

"ஏங்க, அது பால் காய்ச்சுற பாத்திரம்."

"கழுவி வெச்சிடறேன்."

"கழுவுனாப் போதாது."

அவள் சொன்னது சரி. சென்சார் கிடந்து ஊறியது கூலன்ட்டில். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், அதுவும் இனிப்பான விஷம். இந்தச் சோதனைக்குப் பழைய பெயின்ட் டப்பா போன்ற, இனி சமையலுக்கு வராத பாத்திரத்தை எடுங்கள். கீழே சிந்தினால் உடனே துடையுங்கள், நாயும் பூனையும் நக்கிவிடும். சோதனைக்கு முன் சென்சாரைத் துடைத்திருந்தேன் என்ற என் வாதம் எடுபடவில்லை. பாத்திரம் இப்போது கார் ஷெட்டில் இருக்கிறது.

இப்போது அந்தப் "பொத்" விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கார் எஞ்சினுக்குள் லிட்டர் கணக்கில் தண்ணீரும், நூறு கிலோ அளவில் இரும்பும் அலுமினியமும் இருக்கின்றன. அவ்வளவும் ஒரு நொடியில் சூடாகவும் முடியாது, ஒரு நொடியில் ஆறவும் முடியாது. ஆகவே முள் மெல்ல மெல்ல ஏறினால் அது நிஜமான சூடு: தண்ணீர் குறைவு, ஃபேன் ஓடவில்லை, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் மூடியபடியே நின்றுவிட்டது, இப்படி ஏதோ ஒன்று. அதோடு ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட் வளையும், லேத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். முள் தாவினால், அது ஒயர். தண்ணீர் தாவாது. இதை எனக்கு மூன்று மாதத்தில் ஒருவரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வேலை, எல்லாவற்றையும் திருப்பி மாட்டுவது. பட்டறைக்காரர்கள் கேலி செய்வார்கள், பரவாயில்லை, இதையெல்லாம் நீங்களே செய்யலாம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சென்சார் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் உறைக்குப் பக்கத்தில் இருக்கும். கப்ளரைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பூட்டு நாக்கை அழுத்திவிட்டுக் கப்ளரின் உடம்பைப் பிடியுங்கள். என் வண்டியில் 19 எம்.எம். நீள பாக்ஸ் ஸ்பேனர் பிடித்தது. கழற்றியதும் அரை டம்ளர் கூலன்ட் கொட்டும், கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அடுத்ததைத் திருகிவிடலாம். வாஷரோ ஓ-ரிங்கோ எது இருந்ததோ அதைப் புதிதாகப் போடுங்கள். கையால் முட்டும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒரு சின்ன இறுக்கு. பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும், அதன் செலவு சென்சாரைப் போலப் பத்து மடங்கு. பழைய வண்டிகளில் மீட்டருக்கென்று ஒற்றை ஒயர் சென்சார் தனியாக இருக்கும். அதற்கு மரை வழியாகத்தான் எர்த். அதில் குழாய்க்குச் சுற்றுவது போல டெஃப்ளான் டேப்பைச் சுற்றித் தள்ளினால் எர்த் போய், முள் செத்துப்போகும்.

குறைந்த கூலன்ட்டை ஈடுகட்ட போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றாதீர்கள். எங்கள் தெருத் தண்ணீரில் குக்கருக்குள் படியும் வெள்ளை உப்பைப் பார்த்தவர்களுக்கு, அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. பிறகு மூடியைத் திறந்து வைத்தபடி எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் இருந்தால் அதை முழு சூட்டில் வைத்து, ஹோஸ்களை மெல்ல அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் ஆரம்பித்தால் மட்டுமே மூடி திறந்திருக்கலாம். குமிழி வருவது நின்றதும் நிரப்பி மூடிவிடுங்கள். உள்ளே காற்று தங்கி, சென்சாரின் முனை தண்ணீரில் முங்காமல் நின்றால், பாவம் அது காற்றைத்தான் அளந்து சொல்லும். அதற்கும் அதையே திட்டுவோம்.

நான் கிழட்டு சென்சாரையே திரும்ப மாட்டினேன். மாட்டிவிட்டு, எஞ்சின் ஓடும்போது கப்ளருக்குக் கீழே ஒயர் சுற்றை இரண்டு விரலால் மெல்ல ஆட்டினேன். முள் சிவப்புக்குத் தாவியது. விட்டேன், பூஜ்யத்துக்கு விழுந்தது. ஆட்டினேன், தாவியது. மூன்று மாதமாக ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் சாய்ந்து சாய்ந்து செய்த வேலையை என் இரண்டு விரல்கள் செய்தன. சாவியை எடுத்துவிட்டு, மேலே சுற்றியிருந்த நெளிநெளிக் குழாயைப் பிரித்தேன். கப்ளருக்கு இரண்டு அங்குலம் கீழே, இரண்டு ஒயரின் தோலும் உரிந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. ஒன்றில் பாதி இழை அறுந்திருந்தது. இரண்டும் உரசினால் கொதிப்பு, அறுந்த இழை விலகினால் உறைபனி. ஓரத்தில் அரிசிப் பல் தடங்கள். பேட்டரி தட்டுக்குக் கீழே மூன்று கருப்புப் புழுக்கை, பாதி தின்ற ஒரு வேர்க்கடலை.

"எலி!" என்றேன்.

மாமனார் எட்டிப் பார்த்தார். "அம்பாசடர்ல எலி கடிக்காது மாப்ள. கடிக்க அதுல ஒயரே கெடையாது."

கடிபட்ட துண்டை வெட்டிப் புது ஒயர் சேர்த்து, பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூட 40 ரூபாய் ஆனது. மைலேஜ் 16-க்குத் திரும்பிவிட்டது. பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு ஒன்றைத் துணியில் சுற்றி, சூடான பாகங்களுக்கு எட்டாமல் கட்டியிருக்கிறேன். எலிக்கு அது பிடிக்காது என்கிறார்கள், எலியிடம் நான் கேட்கவில்லை.

டேஷ்போர்டு பெட்டியில் இரண்டு சென்சார்கள் சும்மா கிடக்கின்றன, ஒன்று 250, ஒன்று 900. இரண்டும் நல்லவை, நானே கொதிக்கவைத்துப் பார்த்தவை. உங்கள் வண்டிக்குப் பொருந்தினால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது ஒரு பால் பாத்திரம் வாங்கி வாருங்கள்.